நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அம்மா கழிவறைக்குப் போய் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுபடியும் எழுந்து போகிறார். முகத்தில் வலி தெரிகிறது. என்னவென்று கேட்டால், “ஒன்னுமில்ல, உடம்புச் சூடு” என்கிறார். அடுப்பில் பார்லி கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சியை உங்களில் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு அந்த வலியே வந்திருக்கும்; வெட்கத்தால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

‘இது பெண்கள் சமாச்சாரம்’ என்று பக்கத்தைப் புரட்டப் போகும் ஆண் மாணவர்களே, கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தொற்று ஆண்களுக்கும் வரும், குறைவாக வரும், அவ்வளவுதான். அது ஏன் குறைவு என்பதில்தான் பாதி விளக்கம் இருக்கிறது.

நாம் நீர்க்கடுப்பு என்று சொல்வது பெரும்பாலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றின் அறிகுறி. சிறுநீர் கழிக்கும்போது எரியும். அடிக்கடி போகவேண்டும் போலிருக்கும்; போனால் சில சொட்டுகள்தான் வரும். அடிவயிறு வலிக்கும். சிறுநீர் கலங்கலாக இருக்கும், சில நேரம் இரத்தம்கூடக் கலந்திருக்கும். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அப்படி வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஆறே மாதத்திற்குள் மீண்டும் வருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓர் ஆண்டில் மூன்று முறையோ வந்தால் மருத்துவர்கள் அதை ‘மீண்டும் மீண்டும் வரும் தொற்று’ என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள்.

ஒரு முறை தொற்றுவதைப் புரிந்துகொள்வது எளிது. மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் ஏன் திரும்பி வருகிறது? பல வீடுகளில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: “சுத்தமா இருந்தா ஏன் வருது?” இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து வலியை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில் சரியா என்று சோதித்துப் பார்ப்போம்.

முதலில் உடலமைப்பு. சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறுநீர் நாளம் கீழே இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பையிலிருந்து வெளியே செல்லும் குழாய்க்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். அதோடு, அதன் வாய் மலவாய்க்கு மிக அருகில் இருக்கிறது. ஆண், பெண் வேறுபாட்டிற்கு இதுதான் முக்கியக் காரணம்.

4 சென்டிமீட்டர் நமக்குச் சின்னத் தூரம். 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு பாக்டீரியாவுக்கு? அதன் உடல் நீளத்தைப்போல் 20,000 மடங்கு. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் தம் உயரத்தைப்போல் 20,000 மடங்கு தூரம் நடந்தால் 32 கிலோமீட்டர் ஆகும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எதிர்வெள்ளத்தில்! சிறுநீர் மேலிருந்து கீழே பாய்கிறது; கிருமி கீழிருந்து மேலே ஏறவேண்டும்.

இந்தப் பயணத்தை அதிகம் செய்யும் கிருமியின் பெயர் எஷெரிக்கியா கோலி, சுருக்கமாக ஈ.கோலி. 1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டு விவரித்தார். பிற்காலத்தில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் எல்லாருடைய குடலிலும் இது வாழ்கிறது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் நல்ல விருந்தாளிதான், வைட்டமின் கே-கூடத் தயாரிக்கிறது. இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குப் போனால்தான் வம்பு. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் நாலில் மூன்றுக்கு ஈ.கோலியே காரணம்.

எதிர்வெள்ளத்தில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உடலைச் சுற்றி மெல்லிய மயிரிழைகள் தெரியும். அவை பிலி எனப்படும். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்-எச் என்ற புரதம் கொக்கிபோல் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் உயிரணுக்களின் மேல் மன்னோஸ் என்னும் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. கொக்கி அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாக, இழுத்தால் பிடி தளரும். இந்தக் கொக்கியோ, நீரோட்டம் இழுக்க இழுக்க இறுகுகிறது! கன்றுக்குட்டி இழுக்க இழுக்க இறுகும் சுருக்குக் கயிறு போல. சிறுநீர் பாயும்போது இறுகப் பிடிக்கும். ஓட்டம் நின்றதும் பிடி தளர்ந்து நகர்ந்து போகும். நம் உடல் வெளியே தள்ளப் பயன்படுத்தும் ஓட்டத்தையே அது பிடித்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது.

ஒட்டிக்கொள்வதோடு முடிந்திருந்தால் மருந்து எளிதாக வென்றுவிடும். நீண்ட காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்: கிருமி சிறுநீரில் நீந்துகிறது, சுவரில் ஒட்டுகிறது, மருந்து கொடுத்தால் செத்துப்போகிறது, மறுபடி வந்தால் வெளியிலிருந்து புதிதாக வந்தது.

2003-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரனின் குழுவினர் வேறொரு கதையைக் கண்டார்கள். தொற்று ஏற்பட்ட எலிகளின் சிறுநீர்ப்பைச் சுவரை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது சுவரில் ஆங்காங்கே கொப்புளம்போல் வீங்கியிருந்தது. அது என்னவென்று பார்த்தால், உயிரணுவுக்குள்ளேயே பாக்டீரியாக் கூட்டம்!

சிறுநீர்ப்பையின் உட்பக்கத்தில் மேலடுக்காக இருப்பவை குடை உயிரணுக்கள். ஒரு குடை கீழே நிற்பவர்களை மழையிலிருந்து காப்பதுபோல இவை கீழடுக்கைச் சிறுநீரிலிருந்து காக்கின்றன. ஈ.கோலி இவற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே போன ஒன்றிரண்டு, சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிப் பசை போன்ற பொருளில் நெருக்கமாக அடைந்துகொள்கின்றன. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே எட்டமுடியாது. பல மருந்துகளும் உயிரணுவுக்குள் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. பிறகு அந்த உயிரணு வெடித்து, கிருமிகள் வெளியே வந்து பக்கத்து உயிரணுக்களைப் பிடிக்கின்றன. அப்படி வரும்போது சில கிருமிகள் பிளவுபடாமல் நீண்டு நீண்டு மீஹூன் இழைபோல் ஆகிவிடும். வெள்ளை அணுவால் அவ்வளவு நீளத்தை விழுங்க முடியாது. எலியில் மட்டுமா இது? 2007-இல், தொற்று ஏற்பட்ட பெண்களின் சிறுநீரிலும் இத்தகைய கூட்டங்கள் நிறைந்த உயிரணுக்களும் நீண்ட இழைக் கிருமிகளும் காணப்பட்டன.

உடல் சும்மா இருப்பதில்லை. தொற்றிய குடை உயிரணுக்களை அப்படியே உதிர்த்துச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடுகிறது. வீட்டில் தீப்பிடித்த அறையையே இடித்துத் தள்ளுவதுபோல. ஆனால் குடை போனதும் கீழடுக்கு வெளியே தெரிகிறது. கிருமிகள் அதற்குள்ளும் புகுந்து, அங்கே பெருகாமல் உறங்கிக் கிடக்கின்றன. பல மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் நன்றாகத் தாக்கும். உறங்குவதை விட்டுவிடும். எலிகளில், சிறுநீரில் கிருமியே இல்லை என்று காட்டிய பல வாரங்களுக்குப் பிறகும் அதே தொற்று மீண்டும் எழுந்திருக்கிறது.

ஆகத் திரும்பி வருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சுவருக்குள் உறங்கியது விழித்துக்கொள்வது. மற்றொன்று, குடலில் இருக்கும் கூட்டத்திலிருந்து மறுபடி ஒன்று ஏறிவருவது. இரண்டிலும் “சுத்தமா இல்ல” என்ற பேச்சுக்கு அதிக இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பேச்சை நேரடியாகவே சோதித்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவில், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட பெண்களில், தொற்று திரும்பத் திரும்ப வரும் 229 பேரையும் வராத 253 பேரையும் ஒப்பிட்டார்கள். கழிவறையில் துடைத்துக்கொள்ளும் முறை, இறுக்கமான ஆடை, சிறுநீரை அடக்கும் பழக்கம் என்று பலவற்றையும் கேட்டார்கள். இவற்றில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு தெரிந்த இடங்கள் வேறு. தாய்க்கும் இத்தொற்று வந்திருக்கிறதா, 15 வயதுக்குள் முதல் தொற்று வந்ததா என்ற இரண்டும் முக்கியமாக இருந்தன. அதாவது பிறப்போடு வரும் உடல்வாகுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாம்பத்திய உறவும் கிருமி மேலேற உதவுவதால் மணமான பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆனால் ஐந்து வயதுச் சிறுமிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும்கூட வரும். ஆகவே ஒருத்திக்கு நீர்க்கடுப்பு என்றதும் அவள் நடத்தையைப் பற்றிக் கிசுகிசுப்பது அறியாமை. முன்னிருந்து பின்னாகத் துடைப்பது நல்ல பழக்கம்தான், தொடருங்கள். அதைச் செய்தும் தொற்று வந்தால் அது உங்கள் குற்றமல்ல.

பாட்டிமார்களுக்கு வேறு காரணம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அந்தப் பகுதியில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்ந்து, லாக்டிக் அமிலம் சுரந்து, ஈ.கோலியை அண்டவிடாமல் வைத்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அதுவும் குறைகிறது, காவல் போய்விடுகிறது. அவ்விடத்தில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொற்றுகளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இத்தொற்று எளிதில் வரும். நம் வீடுகளில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பார்லித் தண்ணீருக்கு வருவோம். ‘சூடு’ என்பது கிருமியை அறியாத காலத்து விளக்கம். ஆனாலும் அதில் ஒரு கவனிப்பு இருக்கிறது. நம் நாட்டு வெயிலில் வியர்த்துக் கொட்டினால் சிறுநீர் குறையும், நிறம் அடர்ந்து, எரிச்சலும் தரும். நிறைய நீர் குடித்தால் கடுப்பு தணியும். இது தொற்றைத் தடுக்கவும் செய்கிறதா?

பல்கேரியாவில் 140 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. எல்லாருமே தொற்று அடிக்கடி வருபவர்கள், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப் பேரை வழக்கம்போல் இருக்கவிட்டு, மற்றப் பாதியை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஓராண்டில், வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறை. ஏறக்குறைய பாதி! மருந்தும் அதே அளவுக்குக் குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது போத்தல் தண்ணீர் விற்கும் ஒரு நிறுவனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆய்வைப் படித்தாலும் பணம் யாருடையது என்று பாருங்கள். எனினும் இந்த முடிவு நாம் அறிந்த அறிவியலோடு ஒத்துப்போகிறது. ஈ.கோலிக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லா வசதியும் கொடுத்தால் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிப்பாகும். எட்டு மணி நேரத்தில் 24 இரட்டிப்புகள்: ஒன்று 16.7 மில்லியன் ஆகிவிடும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். சிறுநீரில் அந்த வேகம் இருக்காது. ஆனாலும் அடிக்கடி கழுவித் தள்ளினால் பெருக நேரம் கிடைக்காது.

பார்லித் தண்ணீரும் இந்தக் கணக்கில் தண்ணீர்தான், சீனியைக் குறைத்துக்கொண்டால் நல்லது. சிறுநீரகம் அல்லது இருதய நோய் உள்ள தாத்தா பாட்டிக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூடுதல் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

பள்ளிக் கழிவறை அழுக்காக இருக்கிறது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பிற்பகல் வரை தாக்குப்பிடிக்கும் மாணவிகள் நம்மிடையே ஏராளம். கழிவறையைச் சுத்தமாக வைப்பது பள்ளியின் பொறுப்பு. பாடவேளையில் எழுந்து அனுமதி கேட்கும் மாணவியை ஏளனமாகப் பார்க்காமல் அனுப்புவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பொறுப்பு. சிறு பிள்ளைகளிடம், சிறுநீரை அடக்குவதும் மலச்சிக்கலும் இத்தொற்றோடு சேர்ந்தே காணப்படுகின்றன. அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் முதலில் மலச்சிக்கலைப் பற்றி விசாரிப்பார்கள்.

கடைகளில் விற்கும் இரண்டு பொருள்களைப் பற்றிக் கேட்பீர்கள். கிரான்பெரி: 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்கு அது வாய்ப்பை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. வந்துவிட்ட தொற்றை அது குணப்படுத்தாது. மற்றொன்று டி-மன்னோஸ் தூள். கிருமியின் கொக்கி மன்னோஸைத்தானே பிடிக்கிறது? சிறுநீரிலேயே மன்னோஸ் மிதந்தால் கொக்கி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும் என்பது யோசனை. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்குப் போலித் தூள். 2024-இல் வெளிவந்த முடிவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அழகான கருதுகோளும் சோதனையில் தோற்கும்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று பயப்படும் மாணவிகளுக்காக: பெரும்பாலும் ஒரு புட்டிதான் கொடுப்பார்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். அதில் ஒரு தாள் பட்டையை நனைப்பார்கள். உணவிலிருந்து சிறுநீருக்கு வரும் நைட்ரேட்டை ஈ.கோலி நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் இருந்தால் பட்டை இளஞ்சிவப்பாகும். அந்த மாற்றத்திற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் காலை முதல் சிறுநீரில்தான் நன்றாகத் தெரியும். வேறு சில கிருமிகள் நைட்ரைட் தயாரிப்பதில்லை. அதனால் நிறம் மாறவில்லை என்றால் தொற்றே இல்லை என்று பொருளாகாது.

தொற்று திரும்பத் திரும்ப வருபவருக்கு அடுத்த கட்டம் முக்கியம்: சிறுநீரை அகார் தட்டில் தடவிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அகார் என்றால் நாம் சாப்பிடும் அதே அகார்-அகார்தான். 1881-இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் கற்ற சமையல் பொருளைக் கணவரின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். நம் பக்கத்துப் பலகாரம் உலகத்து ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது அப்படித்தான். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும், எது கொல்லாது என்பதை இந்தத் தட்டு சொல்லிவிடும். அறிகுறி எதுவும் இல்லாதவரின் சிறுநீரில் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் மருந்து தரமாட்டார்கள். கர்ப்பிணிகளுக்குத் தருவார்கள். ஆரோக்கியமானவர் சிறுநீரில் கிருமியே இருக்காது என்ற பழைய கருத்து 2012-க்குப் பிறகு வந்த ஆய்வுகளில் அடிபட்டுப்போயிற்று.

எந்த மருந்து கொல்லும் என்ற கேள்வி இன்று முன்னைவிடப் பெரிது. பாக்டீரியாக்கள் தமக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்ளும் என்பதை 1946-இல் லெடர்பெர்க், டேட்டம் இருவரும் கண்டது இதே ஈ.கோலியில்தான். மருந்தை எதிர்க்கும் மரபணுவும் அப்படியே கைமாறுகிறது. அக்காவுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மீதியிருந்த நான்கு மாத்திரையைத் தங்கை விழுங்கினால், உங்கள் குடலில் எளிதில் சாகும் கிருமிகள் செத்து, எதிர்ப்புள்ளவை மிஞ்சும். அடுத்த தொற்று அவற்றிலிருந்து வரும். நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்று சட்டம் இருப்பது சும்மா இல்லை.

ஆன்டிபயாடிக்கே இல்லாமல் தடுக்க முடியுமா என்றும் முயல்கிறார்கள். எம்.வி. 140 என்ற தடுப்பு மருந்தில் கொல்லப்பட்ட நான்கு வகைப் பாக்டீரியாக்கள் உள்ளன. ஊசி இல்லை, நாக்கின் அடியில் தெளித்துக்கொள்ளும் அன்னாசிச் சுவையுள்ள திரவம். ஸ்பெயினிலும் பிரிட்டனிலும் 240 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. மூன்று மாதம் தினமும் தெளித்துக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அடுத்த ஒன்பது மாதங்களில் ஒரு தொற்றுகூட வரவில்லை. போலி மருந்து பெற்றவர்களில் கால்வாசிப் பேர்தான் அப்படித் தப்பினார்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவுக்கோ உங்களுக்கோ தொற்று வந்த தேதி, கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை நாளில் குணமானது, இவற்றைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டினால் ஆறு மாதத்தில் இரண்டா, ஆண்டில் மூன்றா என்று மருத்துவருக்கு உடனே தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் காய்ச்சல், நடுக்கம், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, இவை வந்தால் கிருமி சிறுநீர் நாளம் வழியாகச் சிறுநீரகத்திற்கு ஏறியிருக்கக்கூடும். அப்போது பார்லியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.